அரைக் கிலோ ஏற்றம்

உடல் வலிமை ஒரே நாளில் வந்து சேர்வதன்று. குழந்தை வளர்வது போல, அருகிலிருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் நாளுக்கு நாள் கூடுவது அது. இதனை அறியாதார் இல்லை. ஆயினும் இரும்பைக் கையில் எடுத்தவர்க்கு ஒரு தடை குறுக்கே நிற்கிறது. சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலும், சிறிதாகக் கூட்டுவதற்குரிய எடை கைவசம் இருப்பதில்லை. பெரிய நகரங்களின் வசதி மிக்க பயிற்சிக்கூடங்களை இங்கே பேசவில்லை. நம்மைப் போன்றோர் செல்லும் கூடங்களையே கருதுகிறோம். அத்தடையை மிகக் குறைந்த செலவில் கடந்த வழியைச் சங்க அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வது நலமெனத் தோன்றுகிறது.

நாங்கள் ஐவர். கல்யாண் ரயில்வே குடியிருப்பில் வாழ்பவர்கள். பார்சல் அலுவலகத்திலும் கணக்குப் பிரிவிலும் எழுத்தர்கள். எல்லோரும் முப்பதைக் கடந்தவர்கள். காலையில் நாற்காலியில் அமர்ந்தால் மாலையில்தான் எழுகிறோம். வளர்ந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. நாங்கள் மூன்று நாள் செய்கிறோம். எங்கள் கூடம் என்பது ஓர் அறை. அதில் 20 கிலோ எடையுள்ள பார்பெல் கம்பி ஒன்று. 20, 10, 5, 2.5 கிலோ பிளேட்டுகளில் ஒவ்வொரு ஜோடி; 5, 7.5, 10 கிலோ டம்பெல்கள். சாய்ந்துகொள்ள ஒரு பலகை. அவ்வளவே.

கம்பியின் இரு புறமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஆகவே மிகச் சிறிய பிளேட்டைச் சேர்த்தாலும் கூடுவது 2.5 கிலோ அன்று, 5 கிலோ. 100 கிலோவைத் தரையிலிருந்து தூக்குபவருக்கு 5 கிலோ பெரிதன்று. ஆனால் 30 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்துபவருக்கு அதே 5 கிலோ மலையாகும். முதல் மூன்று மாதம் நன்றாகவே முன்னேறினோம். பிறகு தலைக்கு மேல் உயர்த்தும் பயிற்சியில் ஐவரும் 30 கிலோவிலேயே நின்றோம். 30 எளிதாயிற்று, 35 அசையவில்லை. இரண்டு மாதம் இப்படியே கழிந்தது. ஒருவருக்குத் தோள் வலி கண்டது. மற்றொருவர் வருவதையே குறைத்துக்கொண்டார்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு ஏற்றத்தை அளக்கும் முறை பழக்கமானது. 100 அடி தூரத்துக்கு 1 அடி உயர்ந்தால் அது 100-க்கு 1 என்ற ஏற்றம். கல்யாணிலிருந்து இகத்புரி செல்லும் வழியில் கசாராவைக் கடந்ததும் வரும் தல் மலைத்தொடரிலும், புனே செல்லும் வழியில் கர்ஜத்துக்கு அப்பாலுள்ள போர் மலைத்தொடரிலும் ஏற்றம் 37-க்கு 1. அதற்கே நீண்ட வண்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின்கள் வேண்டியிருக்கின்றன. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நம் நீலகிரி மலை ரயிலிலோ, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. அங்கே சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்திருக்கின்றனர்.

இக்கணக்கை எடைக்குப் பொருத்திப் பார்த்தோம். 100 கிலோவில் 5 கிலோ கூட்டினால் 20-க்கு 1. 30 கிலோவில் 5 கிலோ கூட்டினால் 6-க்கு 1. நீலகிரி ரயிலின் ஏற்றத்தைப் போல் இரு மடங்கு! 5 கிலோ டம்பெல்லை விட்டு 7.5 கிலோவை எடுத்தாலோ 2-க்கு 1. அது ஏற்றமே அன்று, சுவர். எத்தனை கிலோ கூட்டுகிறோம் என்பதைவிட, இருக்கும் எடையில் எத்தனையில் ஒரு பங்கைக் கூட்டுகிறோம் என்பதே முக்கியம். இது தெளிவானபின், தோளைக் குறை கூறுவதை விட்டுவிட்டு அரைக் கிலோவைத் தேடலானோம்.

இத்தேடல் புதிதன்று. தென் இத்தாலியில் குரோட்டன் என்னும் கிரேக்க நகரத்தில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைலோ என்ற மல்லன், ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி, அது காளையாக வளர்ந்தபோதும் தூக்கினான் என்று கதை உண்டு. கதையில் உள்ள நயம், கன்று தானாகவே சிறிது சிறிதாகக் கனத்தது என்பதே. நம் தென்பாண்டி ஊர்களில் கிடந்த இளவட்டக்கல்லுக்கு அந்தக் குணம் இல்லை. அதன் எடை என்றும் ஒன்றே. அது வலிமையைச் சோதிக்குமேயன்றி வளர்க்காது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், நலிந்த தசைகள் எடையைப் படிப்படியாகக் கூட்டுவதால் மீண்டும் வலுப்பெறுவதைக் கண்டு 1945-இல் எழுதினார். இன்றைய பயிற்சி முறைகளுக்கு அவருடைய பணி ஓர் அடிப்படை.

இனி எங்கள் வழி. இரும்புக்கடையில் பெரிய வாஷர்களை வாங்கினோம். பார்சல் அலுவலகத் தராசு மூட்டைகளுக்கு உரியது. கிராம் கணக்குக்கு உதவாது. எனவே மளிகைக்கடை மின்தராசில் நிறுத்து, 250 கிராம் வீதம் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் கம்பியால் இறுகக் கட்டினோம். கம்பியின் ஒரு புறம் ஒன்று, மறுபுறம் ஒன்று: மொத்தம் அரைக் கிலோ. இப்படி எட்டுக் கட்டுகள் இருந்தால் இரண்டு கிலோ வரை ஏறலாம். தண்டவாள போல்ட்டுகள் இதற்கு மிகப் பொருத்தமாக இருக்கும் என்று எங்களுள் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். ரயில்வேயின் பொருளைத் தொடுவதில்லை என்ற விரதத்தை இதற்காக முறிக்கவில்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். ஆகவே 65 நாணயங்கள் ஏறக்குறைய அரைக் கிலோ. கடைக்காரர் வாங்க மறுக்கும் நாணயங்களுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு!

வாஷர் கிடைக்காதவர்கள் கெட்டித் துணியில் மணலைத் தைத்துப் பொட்டலமாக்கிக் கட்டலாம். மணல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் எடையைக் கூட்டிவிடும். தண்ணீர் பாட்டிலும் ஆகும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆனால் அரைகுறையாக நிரப்பினால் உள்ளே தண்ணீர் அலைந்து கையைத் தடுமாறச் செய்யும். எதைக் கட்டினாலும் ஊசலாடாதபடி இறுகக் கட்ட வேண்டும்.

கூட்டுவதற்கும் ஒரு நியமம் வைத்துக்கொண்டோம். ஒரு முறைக்கு ஐந்து தடவையாக மூன்று முறை, ஆகப் பதினைந்து தடவையும் ஒழுங்காக முடிந்தால் மட்டுமே அடுத்த நாள் அரைக் கிலோ கூடும். முடியாவிட்டால் அதே எடை. மூன்று நாள் தொடர்ந்து முடியாவிட்டால், பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மீண்டும் ஏறுவது. டம்பெல்லுக்கு இது பொருந்தாது. அங்கே எடையைக் கூட்டாமல் தடவையைக் கூட்டுகிறோம்: எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை சென்றபின்பே அடுத்த டம்பெல். இறக்கும்போது மூன்று எண்ணிக்கை மெதுவாக இறக்கினாலும் அதே எடை கனத்துவிடும். தண்டாலுக்கும் இவ்வாறே, முதலில் திண்ணையில் கையூன்றி, பிறகு படியில், பிறகு தரையில். 30 கிலோவில் நின்றிருந்த நாங்கள் நான்கு மாதத்தில் 40 கிலோவை அடைந்தோம். தோள் வலியும் திரும்பவில்லை.

இம்முறை உண்மையில் சோதிக்கப்பட்டது எங்கள் தோள்களில் அன்று. எங்கள் குடியிருப்பில், இருப்புப்பாதைப் பராமரிப்பில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகள், ரயில்வே நிலை 1 பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்தது உடல் திறன் சோதனை. பெண்கள் 20 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 100 மீட்டர் தூரம் இரண்டு நிமிடத்துக்குள் சுமந்து செல்ல வேண்டும். 1000 மீட்டரை 5 நிமிடம் 40 விநாடியில் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு. அவள் ஓட்டத்துக்கு அஞ்சவில்லை. “அண்ணா, இருபது கிலோ என்றால் எவ்வளவு இருக்கும்?” என்றுதான் கேட்டாள். காலி கேஸ் சிலிண்டரைவிட நான்கு ஐந்து கிலோ கூடுதல் என்றோம். அவள் முகம் வாடிற்று. காலி சிலிண்டரையே அவள் உருட்டித்தான் பழகியிருந்தாள்.

அவள் தாயாருக்கு விருப்பமில்லை. “பெண்பிள்ளை மூட்டை சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது?” என்றார். அந்த அச்சம் நியாயமானதே. தசை பழகும் அளவுக்கு விரைவாகத் தசைநாண்கள் பழகுவதில்லை. திடீர்ச் சுமையால் கேடு வருவது அதனால்தான். ஆகவே அரிசிச் சாக்கில் 10 கிலோ மணலோடு தொடங்கினோம். வாரம் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் அரைக் கிலோ மணல் கூடும். தாயாரே சமையலறைத் தராசில் மணலை நிறுத்துக் கொடுத்தார். ஏழு வாரத்தில் 20 கிலோவைக் கடந்து, ஒன்பதாம் வாரம் 22 கிலோவைத் தோளில் ஏற்றி 100 மீட்டர் நடந்தாள். சோதனை நாளில் 20 கிலோ அவளுக்குப் பழைய சுமையாகவே இருந்தது. பின்னர் மருத்துவச் சோதனையிலும் தேறி, இன்று பணியில் இருக்கிறாள். ஓய்வூதியத்தை நம்பியிருந்த அவ்வீட்டுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை விரிக்க வேண்டியதில்லை.

அரைக் கிலோவை அற்பமென்று நினைப்பவர்கள் விளையாட்டு வரலாற்றைப் பார்க்கட்டும். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். தங்கம் வென்றவர் தூக்கியது 242.5 கிலோ. 2024-இல் பாரிஸில் மீராபாய் சானு 199 கிலோவோடு நான்காம் இடம் பெற்றார். மூன்றாம் இடத்துக்கு 200 கிலோ. ஒரு கிலோவில் பதக்கம் நழுவியது. அதற்காகவே போட்டிகளில் அரைக் கிலோ பிளேட்டும் வைத்திருக்கின்றனர்.

நம் குடும்பங்களில் உடல் திறன் சோதனைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பலர் உள்ளனர். ஆண்களுக்குச் சுமை 35 கிலோ. தேர்வு முடிவு வந்தபின் தொடங்கினால் காலம் போதாது போகலாம். விண்ணப்பம் போட்ட வாரமே ஒரு சாக்கும் சிறிது மணலும் ஒரு தராசும் தேடிக்கொள்ளட்டும். முதுகு வலியோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குக. கல்யாண் பக்கம் உள்ளவர்கள் கேட்டால், எங்கள் வாஷர் கட்டுகளைக் கொடுத்து உதவக் காத்திருக்கிறோம்.