வீட்டுக்குப் போனவர்

ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த காலத்தில் சோக்கிரட்டீஸ் எங்களுக்கு வெறும் ‘வினா முறை’யாகவே வந்து போனார். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. பின்னாளில், நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதிவைத்ததை வாசித்தபோது, நஞ்சுக் கிண்ணத்தை விடவும் வேறு இரண்டு சம்பவங்களே என்னைப் பிடித்துக்கொண்டன.

கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால், உடைந்த கப்பல்களோடு கடலில் தத்தளித்த தன் வீரர்களைப் புயலினால் மீட்க முடியாமற் போயிற்று. மக்கள் கொதித்தார்கள். தளபதிகளைத் தனித்தனியே விசாரியாமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கக் கேட்டார்கள். அது சட்டத்துக்கு முரண். அன்று சபையை நடத்தும் பொறுப்பிலிருந்த 50 பேரில் சோக்கிரட்டீசும் ஒருவர். கூச்சலுக்கு மற்றவர்கள் பணிந்தார்கள், இவர் முடியாதென்றார். தேர்தல் கடமைக்குப் போய் வாக்களிப்பு நிலைய வாசலில் சத்தம் கேட்ட ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும். ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

அது மக்களாட்சி. கி.மு. 404இல் முப்பது பேரின் கொடுங்கோலாட்சி வந்தது. சோக்கிரட்டீசையும் இன்னும் நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலிருக்கும் லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரச் சொன்னார்கள். இயன்றவரை பலரின் கைகளையும் கறைப்படுத்துவதே அவர்களின் உபாயம். நால்வரும் சலாமிசுக்குப் போனார்கள். சோக்கிரட்டீஸ் வீட்டுக்குப் போனார்.

இந்த இடத்தை எத்தனை தடவை வாசித்தேனோ! கலகம் செய்யவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. வீட்டுக்குப் போவதற்கு அன்று உயிரே விலை. அந்த ஆட்சி விரைவில் விழுந்திராவிட்டால் தன்னைக் கொன்றிருப்பார்கள் என்று அவரே சொல்கிறார். கி.மு. 399இல், எழுபது வயதில், அவருக்கு மரண தண்டனை விதித்ததோ மீண்டு வந்த மக்களாட்சிதான். நண்பர் கிரிட்டோ தப்பிக்க வழி செய்தும் சிறையை விட்டு அவர் போகவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அநியாயம் செய்யாதிருப்பதே தன் முழுக் கவலை என்கிறார். லியோனுக்கு எச்சரிக்கை அனுப்பியதாக அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. லியோன் கொல்லப்பட்டார்.

பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பி, “சேர், லியோனுக்கு ஆளனுப்பியிருக்கலாந்தானே?” என்று கேட்டாள். அனுப்பியிருக்கலாம் என்றேன். மற்ற நால்வரும் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன்.