மைதானத்து ஓரத்தில் நான்கு பெண்கள்

என் மகள் படிக்கும் கல்லூரியில் பெண்கள் லக்ராஸ் அணிக்கு நான்கு பயிற்சியாளர்கள். நான்கு பேரும் பெண்கள். தலைமைப் பயிற்சியாளருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அடுத்தவர் முழுநேர உதவிப் பயிற்சியாளர். மூன்றாமவர் பகுதிநேரம், பகலில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார். நான்காமவர் கோல்கீப்பர்களை மட்டும் பார்த்துக்கொள்பவர். அவருக்குச் சம்பளம் கிடையாது.

லக்ராஸ் நம் ஊரில் பலருக்குத் தெரியாத விளையாட்டு. நுனியில் வலைப்பை கட்டிய கோலால் சிறு ரப்பர் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போட வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம் இது. பெண்களிடம் அது சுற்றுவழியில் வந்து சேர்ந்தது. 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பெண்கள் பள்ளியில் ஆடத் தொடங்கினார்கள். அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926இல் அதை பால்டிமோரில் இருக்கும் பிரின் மார் பெண்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆக, ஆரம்பத்திலிருந்தே ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்த ஆட்டம் இது.

அதன் அருமை மற்ற விளையாட்டுகளைப் பார்த்தால்தான் தெரியும். 1972இல் அமெரிக்காவில் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. கல்லூரி மைதானங்களின் கதவு பெண்களுக்குத் திறந்தது அதனால்தான். ஆனால் சட்டம் வந்த காலத்தில் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். இன்று பாதிகூட இல்லை. காசில்லாமல், பெயரில்லாமல், உடற்கல்வி ஆசிரியையின் உபரி வேலையாக இருந்தவரை அது பெண்களின் வேலை. சம்பளமும் கௌரவமும் வந்ததும் ஆண்கள் விண்ணப்பித்தார்கள். தேர்ந்தெடுக்கும் நாற்காலியிலும் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். மறுபக்கமோ, ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகும் பெண்கள் இன்றும் மிகச் சிலர்தான். வீட்டில் சமைப்பவள் பெண், கல்யாணத்துக்குச் சமைக்கும் ‘மாஸ்டர்’ ஆண் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லக்ராஸில் மட்டும் பெண்கள் எப்படி நிலைத்தார்கள்? எனக்குத் தோன்றும் காரணம் இரண்டு. ஒன்று, பெண்கள் லக்ராஸும் ஆண்கள் லக்ராஸும் வேறு வேறு ஆட்டங்கள். ஆண்கள் தலைக்கவசம் போட்டு உடம்போடு மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் அப்படி மோதுவது தவறு. வேகமும் கோல் வித்தையும்தான் எல்லாம். ஆண்கள் ஆட்டத்தில் பழகியவர் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துவிட முடியாது.

இரண்டாவது, குரு சிஷ்யைத் தொடர்ச்சி. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் சிண்டி டிம்ச்சல் பயிற்சியாளராக இருந்தபோது அணி எட்டு முறை தேசியப் பட்டம் வென்றது. 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு. அவரிடம் ஆடிய கெல்லி அமோன்டே ஹில்லர் நார்த்வெஸ்டர்னுக்குப் போய், 2005க்கும் 2012க்கும் இடையே ஏழு பட்டங்களும் 2023இல் எட்டாவதும் வாங்கிக்கொடுத்தார். இன்னொரு மாணவி கேத்தி ரீஸ் மேரிலாண்டுக்கே திரும்பி வந்து ஐந்து பட்டங்கள் வென்றார். மற்றொருவர் அகேஷியா வாக்கர் வைன்ஸ்டீன். 2021இலும் 2024இலும் பாஸ்டன் கல்லூரியை ஜெயிக்க வைத்தார். தன் பயிற்சியாளர் ஒரு பெண் என்று பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு, நாளை நானும் அந்த இடத்தில் நிற்கலாம் என்று தோன்றுவதற்குத் தனியாகத் துணிச்சல் வேண்டியதில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த நான்கு பேரை நான் நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதவிப் பயிற்சியாளர் வேலை மைதானத்தில் நடப்பதில் கால்வாசிகூட இல்லை. எதிரணியின் வீடியோவை வெட்டி ஒட்டி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகக் காட்டுவார். கோடை வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பெண்களின் ஆட்டத்தைப் பார்ப்பார், பெற்றோருக்குப் பதில் எழுதுவார், பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லிவைப்பார். ஒருத்தி சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போனால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான். என் மகள் முதலாமாண்டில் முழங்கால் பிசகி உட்கார்ந்திருந்தபோது அவளைப் பக்கத்தில் நிறுத்தி, “யார் எங்கே ஓடுகிறார்கள் என்று எனக்குச் சொல்” என்று நோட்டைக் கொடுத்தவர் அவர். அங்கிருந்துதான் என் மகள் ஆட்டத்தைப் படிக்கக் கற்றாள்.

அந்த உதவிப் பயிற்சியாளர் இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டார். கைக்குழந்தையோடு பயணம் போக வழியில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்தது போக, சம்பளத்தில் மீதமும் இல்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்க வைக்கவும் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

சம்பளமில்லாத ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற பதவியைப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் முதல் பிரிவில் 2023இல்தான் எடுத்தார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அந்த மாற்றம் இங்கே வரவில்லை. ஓசியில் இரண்டு வருடம் உழைத்து அனுபவம் சேர்க்க யாரால் முடியும்? வீட்டில் பணம் உள்ளவளால். அதனால்தான் இந்தப் பெண்கள் வரிசை பெரும்பாலும் வெள்ளையர் வரிசையாக இருக்கிறது. டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு 1984இலும் 1988இலும் பட்டம் வாங்கிக்கொடுத்த டினா ஸ்லோன் கிரீன், கல்லூரிப் பெண்கள் லக்ராஸின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குப் பின் கறுப்பினப் பெண்கள் இன்னும் எண்ணிச் சொல்லும் அளவில்தான் இருக்கிறார்கள். பெண்கள் இருக்கிறார்கள் என்பதோடு கேள்வி முடிவதில்லை. எந்தப் பெண்கள் என்றும் கேட்க வேண்டும்.

இந்த வருடம் என் மகள் படிப்பை முடிக்கிறாள். வேறொரு சிறு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக அழைத்திருக்கிறார்கள். தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் போதுமான தொகை. “நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது இதுக்கா?” என்றார் என் கணவர். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: “ஏட்டி, அவ என்ன வேலைக்குப் போறா?” விளக்கினேன். “அப்ப நம்ம பி.டி. டீச்சர்னு சொல்லு.”

அம்மா சரியாகத்தான் சொன்னாள். என் பள்ளி பி.டி. டீச்சர் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். கழுத்தில் விசில். அவருடைய பீரியடைக் கணக்கு டீச்சர் வாரம் தவறாமல் வாங்கிக்கொள்வார். நாங்கள் தாவணி போட்டதும் எறிபந்தை விட்டு ஒவ்வொருத்தியாக விலகினோம். அவர் மட்டும் பள்ளி விட்ட பிறகும் வலையைக் கட்டி வைத்துக் காத்திருப்பார். எத்தனை பேர் வந்தாலும் ஆட வைப்பார். அந்த மாலை நேரத்துக்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

மகளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இந்த வேலை வேண்டும் என்றால் போ. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மருத்துவக் காப்பீடு உண்டா, கோடைப் பயணத்துக்குத் தனிப் பணம் உண்டா, அடுத்த வருடம் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேள்.

“பிடிச்ச வேலைக்கு இப்படிப் பேரம் பேசலாமாம்மா?” என்றாள்.

“பிடிச்ச வேலைன்னு சொல்லித்தான் நம்மகிட்ட எல்லாத்தையும் சும்மா வாங்கிக்கிறாங்க” என்றேன்.

அவள் மின்னஞ்சல் அனுப்பினாள். காப்பீட்டுக்குச் சரி என்றார்கள். பயணப் பணத்துக்கு யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பதில் வரட்டும் என்று கையெழுத்துப் போடாமல் காத்திருக்கிறாள்.