காகிதத்தில் ஜெயித்தவர்கள்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் உலகம் முழுக்க ஆடுகிற கால்பந்து கிடையாது. பெயரில்தான் கால். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், குறுக்கே வருகிறவரை இடித்துத் தள்ளுவார்கள். இதைக் கல்லூரி மாணவர்கள் ஆடும்போது பார்க்க ஒரு லட்சம் பேர் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காத விஷயம்.

அந்தக் கல்லூரி ஆட்டங்களில் மிகப் பெரிய பகைகளில் ஒன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும். முன்னது இருக்கும் கொலம்பஸிலிருந்து பின்னது இருக்கும் ஆன் ஆர்பருக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். பந்து வருவதற்கு முன்பே பகை வந்துவிட்டது. 1835-ல் டொலீடோ யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஆயுதங்களோடு எல்லைக்குப் போனார்கள். பெரிய சண்டை நடக்காமலே விவகாரம் முடிந்து, ஊர் ஒஹாயோவுக்குப் போனது. பந்தாட்டம் தொடங்கியது 1897-ல். ஆட்டம் வருகிற வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் ‘எம்’ எழுத்து இருக்கிற இடமெல்லாம் சிவப்பு டேப் ஒட்டிப் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரைக்கூடச் சொல்வதில்லை, ‘வடக்கே இருக்கிற அந்த டீம்’ என்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி. காரணம் மட்டும் நேர் எதிர் :-)

ஆட்டம் நவம்பர் கடைசியில், தாங்ஸ்கிவிங் வியாழனுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை. வியாழக்கிழமை சொந்தபந்தமெல்லாம் ஒரே மேஜையில் சாப்பிட உட்காரும். பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் என்பதால் இந்தப் பக்கம் மாமனார், அந்தப் பக்கம் மருமகன் என்று குடும்பங்களும் கலந்தே இருக்கும். அப்புறம் விவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இந்த விவாதக்காரர்களில் மூன்று ஜாதி உண்டு.

முதல் ஆள் காகிதக்காரர். இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும் எதிரெதிரே வைத்து ஒவ்வொரு இடமாக ஒப்பிடுவார். எங்கள் குவார்ட்டர்பேக்கா, உங்களுடையவரா? எங்கள் ரிசீவரை உங்கள் கார்னர்பேக்கால் பிடிக்க முடியுமா? பள்ளியில் ஆடும்போது யாருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள், யாருக்கு மூன்று? எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, “நாங்கள் 17 புள்ளியில் ஜெயிப்போம்” என்று முடிப்பார்.

இரண்டாவது ஆள் முன்வரிசைக்காரர். பந்து கிளம்பும் இடத்தில் இரண்டு பக்கமும் 130, 140 கிலோ ஆட்கள் முட்டிக்கொள்வார்களே, அங்கேதான் ஆட்டம் என்பது இவர் கட்சி. பந்தை எறிகிறவருக்கு மூன்று விநாடி கிடைத்தால்தானே ரிசீவர் எவ்வளவு வேகம் என்ற கேள்வியே வரும் என்பார்.

மூன்றாவது ஆள் சரித்திரக்காரர். 1969-ல் அசைக்க முடியாத அணி என்று பேர் வாங்கியிருந்த ஒஹாயோ ஸ்டேட்டை, புதிதாக வந்த போ ஷெம்பெக்லர் 24-12 என்று கவிழ்த்த கதையை எடுப்பார். கவிழ்க்கப்பட்ட வுடி ஹேய்ஸிடம்தான் ஷெம்பெக்லர் முன்பு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். “இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கணக்கெல்லாம் செல்லாது” என்பார். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது!

மூன்று பேரையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்த ஆட்டம் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30, கொலம்பஸ்.

அந்த வாரம் காகிதக்காரருக்குத் திருவிழா. ஒஹாயோ ஸ்டேட் 10 வெற்றி, 1 தோல்வி, தரவரிசையில் 2-ம் இடம். மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி. முந்தைய பருவத்தில் தேசிய சாம்பியனான மிச்சிகனின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, குவார்ட்டர்பேக் ஜே. ஜே. மெக்கார்த்தி, ஓட்டக்காரர் பிளேக் கோரம் எல்லோரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்ச அணியிலும் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சனும் டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லண்டும் காயத்தால் ஆடவில்லை. எதிரே ஒஹாயோ ஸ்டேட்டில் ஜெரமாயா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னல் டேட் என்று மூன்று ரிசீவர்கள். பந்தயச் சந்தை ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஏறக்குறைய 20 புள்ளி முன்னிலை கொடுத்தது.

முன்வரிசைக்காரர் மட்டும் ஓரமாக நின்று ஒரு சந்தேகம் கேட்டார். மிச்சிகன் முன்வரிசையின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள். (மறுவருடத் தேர்வில் இருவரையுமே தொழில்முறை அணிகள் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன.) ஒஹாயோ ஸ்டேட்டோ முன்வரிசையில் இரண்டு பேரைக் காயத்தில் இழந்திருந்தது. அக்டோபரில் இடது ஓரத்து ஜாஷ் சிம்மன்ஸ், நவம்பரில் நடுவில் நிற்கிற செத் மெக்லாஃப்லின். “அந்த நடுவில் போய் முட்டாதவரைக்கும் பரவாயில்லை” என்பது முன்வரிசைக்காரரின் வாதம்.

போய் முட்டினார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்து கையில் இருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் ஓடலாம், அல்லது எறியலாம். அடைத்து நிற்கிற அணியிடம் 11 பேர்தான். முன்னால் ஆளைக் கூட்டினால் பின்னால் இடைவெளி, பின்னால் கூட்டினால் முன்னால் இடைவெளி. ஆக, எங்கே இளக்காரம் இருக்கிறதோ அங்கே அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அன்றைக்கு மிச்சிகனின் இளக்காரமான இடம் ஓரங்கள், பின்பக்கம். பலமான இடம் நடு. ஒஹாயோ ஸ்டேட் நடுவிலேயே திரும்பத் திரும்ப ஓடியது. 26 ஓட்டத்தில் கிடைத்தது 77 யார்டுதான், ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூடத் தேறவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் வில் ஹாவர்ட் எறிந்த பந்துகளில் இரண்டை எதிரணி பிடித்துக்கொண்டது. இரண்டு ஃபீல்டு கோல்களும் தவறின.

மிச்சிகன் மட்டும் பிரமாதமாக ஆடிவிடவில்லை. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து ஆடிய அவர்கள் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் மொத்தமே 62 யார்டுதான் எறிந்தார், இரண்டு பந்துகளை எதிரணியிடம் கொடுத்தார். ஆனால் அவர்களுக்குத் தங்களால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்திருந்தது. கலெல் மல்லிங்ஸ் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். அவர் 116 யார்டு ஓடினார். கடைசி நிமிடங்களில் அவர் ஓடிய ஒரு 27 யார்டு ஓட்டம்தான் கதவைத் திறந்தது. 45 விநாடி மிச்சம் இருக்கும்போது டாமினிக் ஸ்வாடா உதைத்த 21 யார்டு ஃபீல்டு கோலோடு ஆட்டம் 13-10. அப்புறம் மைதானத்தின் நடுவே கொடி நட்ட தகராறில் கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே, இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் எல்லாம் நடந்தன. அது தனிக் கதை.

அப்படியானால் காகிதக்காரர் சொன்னது தப்பா? இல்லை. அதே ஒஹாயோ ஸ்டேட் அதற்கப்புறம் டென்னசியை 42-17, ஆரெகனை 41-21, டெக்சஸை 28-14, கடைசியில் 2025 ஜனவரி 20-ல் நோட்ரடாமை 34-23 என்று வரிசையாக அடித்துத் தேசிய சாம்பியன் ஆனது. ஆரெகனுக்கு எதிராக ஜெரமாயா ஸ்மித் ஒருவரே 187 யார்டு பிடித்தார். காகிதத்தில் இருந்த பலம் நிஜமான பலம்தான். நவம்பர் 30 அன்று மட்டும் அதை எடுத்து வீசவில்லை.

ஏன் வீசவில்லை என்பதுதான் கேள்வி. பயிற்சியாளர் ரயன் டே முட்டாள் கிடையாது. பின்னால் ஆள் அதிகம் நின்றால் முன்னால் ஓடு என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ள விதி, அன்றைய திட்டத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் பெரும்பாலான ரசிகர்கள் அன்றைக்கே வேறு ஒரு காரணத்தைப் படித்தார்கள். அது மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்குகிறது.

2021-ல் மிச்சிகன் 297 யார்டு ஓடி 42-27 என்று ஜெயித்தது. 2022-ல் கொலம்பஸுக்கே வந்து 252 யார்டு ஓடி 45-23. 2023-ல் 30-24. அந்த வருட அக்டோபரில் மிச்சிகன் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் சைகைகளைத் திருட ஆள் அனுப்பிய விவகாரம் வெளியே வந்தது, 2025-ல் அதற்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. “அதனால்தான் தோற்றோம்” என்று ஒஹாயோ பக்கம் ஒரு ஆறுதல். ஆனால் மிச்சிகன் பக்கம் ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பச் சொன்னார்கள்: மெத்தை. உங்கள் பையன்கள் வேகமானவர்கள், அழகாகப் பிடிப்பார்கள், ஆனால் இடித்தால் மெத்தை. 2023 செப்டம்பரில் நோட்ரடாமின் பழைய பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸும் கிட்டத்தட்ட அதையே சொல்லிவைத்தார். நோட்ரடாமைக் கடைசி விநாடியில் 17-14 என்று ஜெயித்த கையோடு ரயன் டே, டிவி கேமரா முன்னாலேயே ஹோல்ட்ஸின் பேரைச் சொல்லிப் பொரிந்து தள்ளினார்.

வெற்றி பெற்ற நிமிடத்தில்கூட மறக்க முடியாத சொல் என்றால், அது எவ்வளவு ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும்? அப்படிக் குத்திய சொல்லுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வழிதான் தெரியும்: மிச்சிகனின் நடுவிலேயே முட்டி, இடித்து, ஜெயித்துக் காட்டுவது. ஓரமாக எறிந்து 20 புள்ளியில் ஜெயித்திருந்தாலும் “பார், மெத்தைதான், இடிக்கப் பயந்து எறிந்தார்கள்” என்றிருப்பார்கள். ஆட்டத்தை ஜெயிப்பது ஒன்று, வாக்குவாதத்தை ஜெயிப்பது வேறொன்று. அன்றைக்கு ஒஹாயோ ஸ்டேட் ஆடிய விதத்தைப் பார்த்தால் இரண்டாவதற்குத்தான் அதிகம் முயன்ற மாதிரி இருந்தது. ரோஷம் நல்ல குணம்தான். ஆனால் எங்கே சண்டை போடுவது என்று தீர்மானிக்கிற வேலையை அதனிடம் கொடுத்தால், எதிரிக்குப் பிடித்த இடத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கும்.

இதில் உண்மையில் இழந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 1934 முதல் மிச்சிகனை ஜெயிக்கும் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டக்காரர்களுக்குக் கால்சட்டை வடிவில் ஒரு சின்ன தங்கப் பதக்கம் கொடுப்பது வழக்கம். 2021-ல் சேர்ந்த ஜாக் சாயர், எக்புகா, ட்ரெவேயான் ஹெண்டர்சன் போன்றவர்கள் நான்கு வருடம் ஆடி, தேசிய சாம்பியன் ஆகி, அந்தக் கால்சட்டை ஒன்றுகூட இல்லாமல் போனார்கள். எது பெரியது, சாம்பியன் பட்டமா, குட்டிக் கால்சட்டையா என்று கொலம்பஸில் கேட்டுப் பாருங்கள். “பட்டம்தான்” என்பார்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி தயங்குவார்கள். அந்த ஒரு விநாடிதான் இந்தப் பகை.

2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட் 27-9 என்று ஜெயித்தது. புதிய குவார்ட்டர்பேக் ஜூலியன் சாயின் எறிந்த பந்துகளில் மூன்று டச்டவுன். ஸ்மித்துக்கும் டேட்டுக்கும் ஆளுக்கொன்று. பந்து ஓரத்துக்குப் போனதால் நடுவிலும் வழி கிடைத்தது, ஓட்டமும் நன்றாகவே வந்தது. அன்றைக்கு யாரும் மெத்தை என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜெயித்தவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

மேஜையில் உட்கார்ந்த மூன்று பேரும் பாதி பாதிதான் சரி. காகிதக்காரர் யாரிடம் என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்வார், எதை எடுப்பார்கள் என்று சொல்ல மாட்டார். முன்வரிசைக்காரர் எங்கே சுவர் என்று காட்டுவார், அதில் போய் முட்டுவார்களா என்று அவருக்குத் தெரியாது. சரித்திரக்காரர் கணக்கு செல்லாது என்பார், ஏன் என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார். காரணம் வானத்தில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டியலில் இரண்டு பக்கத்துக் கோபத்துக்கும் ஒரு வரி ஒதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை எந்த ஆட்டத்துக்கு முன்னால் யார் பெயர்ப் பட்டியலை விரித்தாலும், யார் பலசாலி என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். இந்த அணி யாருக்கு எதை நிரூபிக்க வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதிலே வராவிட்டால் காகிதத்தை நம்பலாம்.