நாகஓகாவில் பீர்க்கங்கொடி

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களின் வேலை வானத்தைப் பார்ப்பதில் தொடங்கும். குட் மார்னிங் முடிந்ததும் முதல் கேள்வி, ‘ஹவ் இஸ் த வெதர் டுடே?’ வகுப்பு முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பும். பார்த்த பிறகுதான் பதில் வரும்: சன்னி, கிளவுடி, ரெய்னி, ஸ்னோயி. அடுத்த வகுப்பிலும் அதே கேள்வி, அதற்கடுத்ததிலும் அதே. மத்தியானத்துக்குள் எனக்குச் சலித்துவிடும், குழந்தைகளுக்குச் சலிக்காது. நடுவில் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தால், எழுந்து நின்று ‘சென்செய், கிளவுடி’ என்று கரும்பலகையில் இருப்பதை மாற்றச் சொல்வார்கள்.

நான் நூம்பல்காரி. வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் தெரு. ஜப்பான் மேல் எனக்குத் தனி ஆசை எதுவும் இருந்ததில்லை. அப்பா போன பிறகு வீட்டுக் கடன் மட்டும் நின்றது. எம்.ஏ. ஆங்கிலம் படித்திருந்தேன். இங்கே தனியார் பள்ளியில் கொடுத்த சம்பளத்தில் வட்டியைத்தான் கட்ட முடிந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செர்ரிப் பூவில் ஆரம்பிப்பார்கள். நான் இ.எம்.ஐ.யில் ஆரம்பித்தவள்.

அந்த நாட்டில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்பது பழைய ஏற்பாடு. 1987-ல் ஜப்பான் அரசு ‘ஜெட்’ திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். இன்றைக்கும் அதில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள்தான். 2011-ல் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயமானது. 2020-ல் அது 3-ஆம் வகுப்புக்கு இறங்கியது. ஜெட் தவிர ஏஜென்சிகள் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். நான் போனது ஏஜென்சி வழியில். பதவியின் பெயர் ஏ.எல்.டி., அதாவது உதவி மொழி ஆசிரியர். வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்று, உரக்கப் படித்துக் காட்டி, அட்டைகளைத் தூக்கிக் காட்டுகிற வேலை. என்னைப் போட்டது நீகாதா மாகாணத்தில் நாகஓகா ஊருக்கு வெளியே, நெல்வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு தொடக்கப்பள்ளியில். பிள்ளைகள் அமெரிக்கரை எதிர்பார்த்திருந்தார்கள் என்று முதல் நாளே தெரிந்தது. உதவித் தலைமை ஆசிரியர் மட்டும் என்னைப் பார்த்துக் குதூகலப்பட்டார். 1998-ல் ‘முத்து’ அங்கே ஓடியபோது தியேட்டரில் பார்த்தவராம். ரஜினி துண்டைச் சுற்றுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினார். ஆசிரியர் அறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஏப்ரலில் பள்ளி திறந்தது. அங்கே பருவம் என்பது பார்த்து ரசிப்பதற்காக மட்டும் வைத்த சாமான் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஆளுக்கு ஒரு வேலையைக் கையில் கொடுக்கும். சீருடை உள்ள பள்ளிகளில் ஜூன் 1-ம் தேதி அது மாறும், அக்டோபர் 1-ம் தேதி திரும்பவும் மாறும். வெயிலோ குளிரோ முன்பின்னாக இருந்தாலும் தேதி தேதிதான் என்பது பழைய வழக்கம். மதிய உணவில் வசந்தத்தில் மூங்கில் குருத்துச் சோறு வரும், இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டைச் சோறு, வருடத்தின் மிகச் சிறிய பகல் அன்று பறங்கிக்காய். வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். முதல் வகுப்புக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டியில் காக்கரட்டான் மாதிரி ஒரு கொடி. அதைக் கோடை விடுமுறைக்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

என்னை உட்காரவைத்தது நாலாம் வகுப்பு. அறிவியல் பாடத்தில் ஒரு வருடம் முழுக்க ஒரே செடியைக் கவனிக்க வேண்டும். அந்தச் செடியை அவர்கள் ஹெச்சிமா என்றார்கள். இலை விட்டதும் பார்த்தேன், நம்ம ஊர் நுரைப்பீர்க்கு!

மே மாதம் தொட்டியில் விதைத்து, முளைத்ததும் கட்டடத்தின் தெற்குச் சுவர் ஓரம் மாற்றி நட்டு, மாடி வரைக்கும் வலை கட்டினார்கள். பிறகு வாரம் தவறாமல் ஒரு அட்டை. மேலே தேதி, வானிலை, வெப்பநிலை, நடுவே படம், கீழே கொடியின் நீளம். வெப்பநிலையை யூகித்து எழுதக் கூடாது. மைதானத்தின் மூலையில் கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று இருந்தது, பக்கமெல்லாம் சாய்ந்த பலகை. அதற்குள் வெப்பமானி. கதவு வடக்குப் பக்கம் திறக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பார்த்து வந்து கத்துவார்கள். ஜூனில் குளிர்ந்த மழை பெய்த வாரம் கொடி ஒரு விரல்கூட நகரவில்லை. மழை விட்டு வெயில் ஏறிய ஜூலையில் டேப் போதாமல் நூல் பிடித்து அளந்தார்கள். செப்டம்பரில் காய்கள் தொங்கின. பறிப்பார்கள், குழம்பு வைக்கலாம் என்று நான் காத்திருந்தால், அவர்கள் அதைப் பறிக்கவே இல்லை. முற்றிக் காய்ந்து நாராகும் வரை விட்டு, விதையை உதிர்த்து, அடுத்த நாலாம் வகுப்புக்கு ஒரு உறையில் போட்டுவைத்தார்கள். நாரை வெட்டித் தேய்க்க எடுத்துக்கொண்டார்கள். தூரத்து ஒக்கினாவாவில் சமைப்பார்களாம். ‘நாங்கள் தோலைக்கூட விடமாட்டோம், துவையல் அரைப்போம்’ என்று சொன்னேன். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ‘உங்கள் நாட்டின் பருவங்கள்’ என்று ஒரு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். எல்லா ஏ.எல்.டி.க்கும் வரும் வேலை இது. எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. சென்னைக்காரர்கள் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிற பழைய ஜோக்தான்: எங்களுக்கு மூன்று பருவம், ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட். மூன்று சூரியன் வரைந்து ஒட்டினேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதுவே ஒரு மாதிரி இருந்தது. பின் வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். ‘அப்படியானால் ஹெச்சிமாவை எப்போது விதைப்பீர்கள்?’

எனக்குத் தெரியவில்லை. பீர்க்கங்காய் எனக்குக் கோயம்பேட்டிலிருந்து வருவது. வகுப்பாசிரியர் பக்குவமாகப் பேச்சை மாற்றினார். ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

‘ஆடியில போடணும். உட்டா தையில. ஏண்டி, அங்க பீர்க்கங்கா கூட கெடைக்கலியா உனக்கு?’

‘பசங்க கேக்குறாங்கம்மா. நம்மூர்ல வெயில் மட்டும்தான்னு சொல்லிட்டேன்.’

‘நல்லா சொன்னே போ. தை மாசியில மாம்பூ, பங்குனியில வேப்பம்பூ, சித்திரையில நுங்கு, ஆடியில காத்து, கூழு, ஐப்பசியில அடமழ, மழ விட்டா ஈசலு, மார்கழியில பூசணிப்பூ. இதெல்லாம் எங்க போச்சு? உங்க தாத்தா ஏரித் தண்ணி பாத்துதான் நாத்து விட்டாரு.’

அயனம்பாக்கம் ஏரியிலும் எங்கள் பக்கத்துத் தாங்கல்களிலும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து விதைத்த தலைமுறைக்கு அது மனப்பாடம். எனக்கும் அந்த ஏரிக்கும் உள்ள உறவு, நவம்பரில் அது நிரம்பினால் எங்கள் தெருவில் தண்ணீர் வருமா என்ற கவலை மட்டும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதை நானும் பள்ளியில் ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான். பரீட்சைக்குப் பிறகு ஒரு நாளும் அதை வெளியே எடுத்ததில்லை. அடுத்த வாரம் மூன்று சூரியனைக் கழற்றிவிட்டு, அம்மா சொன்னதைப் பன்னிரண்டு கட்டமாக வரைந்து மாட்டினேன். நுங்கு என்னவென்று விளக்கத்தான் நேரம் பிடித்தது. முகம் சுளித்த அதே பெண் ஈசலுக்கு முன்னால் நின்று, ‘இதையும் சாப்பிடுவீர்களா?’ என்றாள். எங்கள் தாத்தா காலத்தில் வறுத்துச் சாப்பிட்டார்கள் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பள்ளி மூடியிருக்கும், என்னை எடுத்த ஏஜென்சி அந்த மாதச் சம்பளத்தில் கை வைக்கும். ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது. கையெழுத்துப் போடும்போது தொகையை மட்டும் பார்க்கிற வழக்கம் நமக்கு. இனிமேல் போகிறவர்கள் எத்தனை மாதச் சம்பளம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் ஷினானோ ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கும். 1945 ஆகஸ்ட் 1 இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு ஊரை எரித்தன. அந்த நினைவுக்காக நடப்பது அது. குண்டு விழத் தொடங்கிய பத்தரை மணிக்கு, முதல் தேதியே சில வெள்ளைப் பூக்களை மட்டும் வானில் விட்டு நிறுத்துவார்கள். காசில்லாமல் பார்க்க முடிந்த ஒன்று என்று போனவள், பேசாமல் திரும்பி வந்தேன்.

குளிர்காலத்தில்தான் நான் உடைந்தேன். டிசம்பர் தொடங்கிவிட்டால் நீகாதாவில் வானம் மூடிக்கொள்ளும், வாரக்கணக்கில் சூரியன் தெரியாது. நான் இருந்தது மெல்லிய சுவர் கொண்ட வாடகை அறை, மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தால்தான் கதகதப்பு. அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் வாயிலிருந்து புகை வரும். ‘ஹவ் இஸ் த வெதர்?’ ‘ஸ்னோயி.’ மறுநாளும் ஸ்னோயி. ஊருக்குப் போய்விடலாம் என்று டிக்கெட் விலை பார்த்துக்கொண்டே தூங்கிய ராத்திரிகள் உண்டு. அம்மாவிடம் சொல்லவில்லை, கடன் தவணையும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

எனக்கு முன்னால் இதே ஜப்பான் கடல் பக்கத்தில் இதே வேலைக்கு வந்து குளிரில் தவித்த ஒருவர் இருந்தார். லாஃப்கேடியோ ஹெர்ன். 1890-ல் மாட்சுவே பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தவர். அந்த ஊரின் குளிர் தாங்காததும் ஒரு காரணமாக 1891-லேயே தெற்கே குமமோட்டோவுக்கு மாறிப் போனார். பிறகு ஜப்பானியக் குடியுரிமை வாங்கிக் கொய்சுமி யாகுமோ ஆனார். 1894-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆளில்லாத ஆசிரியர் அறையில் அதைப் படித்தேன். மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார், இறந்துபோன இரண்டு மாணவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானைப் பற்றி அவர் கட்டிய கனவுகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பிள்ளைகளைக் கவனித்த அந்தப் பக்கங்களில் உண்டு.

என்னைத் தேற்றியது புத்தகம் இல்லை, மண்வெட்டி. ஒரு நாள் காலை ‘முத்து’ ரசிகர் என் கையில் ஒரு அகலமான பிளாஸ்டிக் மண்வெட்டியைக் கொடுத்தார். பிள்ளைகள் வருவதற்குள் வாசல் வழியைத் திறக்க வேண்டும். ஆசிரியர்கள், எழுத்தர் எல்லோரும் வரிசையாக நின்று தள்ளினோம். ஆசிரியர் அறையில் வருடம் முழுக்க என்னிடம் தலை மட்டும் ஆட்டியவர்கள், பனி அள்ளும்போது பேசினார்கள். இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்றார்கள். தெருவின் நடுவே ஏன் துருப்பிடித்த சிவப்பு என்று கேட்டேன். 1961-ல் நாகஓகாவில்தான் முதன்முதலாகச் சாலைக்கடியில் குழாய் பதித்து நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைத்தார்களாம். நிலத்தடி நீர் குளிரிலும் 13, 14 டிகிரி இருக்கும். அதில் இருக்கிற இரும்புதான் சாலையைச் சிவப்பாக்குகிறது. யோசனை சொன்னவர் அரிசி மிக்சர் கம்பெனிக்காரர் என்று எழுத்தர் சொல்லி, அந்தக் கம்பெனி மிக்சரையே கொடுத்தார். காரம் போதவில்லை.

வரைபடத்தில் ஒரு விஷயம் பார்த்து வைத்தேன். சைபீரியாவில் இருந்து கிளம்புகிற குளிர்காலக் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை எடுத்து நீகாதா மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அதே ஆசியக் குளிர்காலப் பருவக்காற்றின் தெற்குக் கைதான் வங்காள விரிகுடாவில் ஈரம் எடுத்து வடகிழக்குப் பருவமழையாக நம் மேல் இறங்குகிறது. அதைப் பார்த்த அன்று போனில் அம்மா, ‘தெருவுல முழங்கால் தண்ணி’ என்றாள். ‘இங்க முழங்கால் பனி’ என்றேன். ஒரே காற்றுதான் என்று சொன்னதற்கு, ‘அப்ப நீயே அத அங்கேயே நிறுத்தி வையி’ என்றாள்.

கடன் முடிந்ததும் வந்துவிட்டேன். இப்போது நூம்பலில், எங்கள் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூஷன். பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் கேள்வி வானிலைதான். ஜன்னல் வழியே வானம் கொஞ்சம்தான் தெரியும், அதனால் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். ‘ஹாட் மிஸ்’ என்று கீழேயிருந்தே சொல்கிறவனை நான் விடுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து, கூவம் பக்கம் மேகம் இருக்கிறதா, வேப்பமரத்தில் பூவா காயா? ஆங்கிலம் தானாக வருகிறது, சொல்ல விஷயம் இருக்கிறதே. போன ஆடியில் சிமெண்ட் சாக்கில் பீர்க்கை போட்டோம். மழை பெய்த மறுநாள் கொடி ஒரு சாணுக்கு மேல் ஓடியிருந்தது. புரட்டாசியில் காய்த்தது. முற்றவிட்டு விதை எடுக்க இரண்டை மட்டும் விட்டுவைத்து, மற்றதைப் பறித்துவிட்டோம். துவையல் அரைத்தது அம்மா.

அயனம்பாக்கம், வானகரம், திருவேற்காடு பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. வகுப்புக்கு ஒரு சாக்கு, வெயில் விழும் ஒரு சுவர், ஒரு டேப், ஒரு நோட்டு போதும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. விதை என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.