எங்கள் வீட்டுக் குறி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., வேதியியல்)

ஒரு வெள்ளைக் கோட்டு காணாமற் போனதிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

முதலாண்டில் ஆய்வகத்துக்கென்று அப்பா எனக்கொரு கோட்டு தைத்துக் கொடுத்தார். இலுப்பூர்க் கடைத்தெருவில் இஸ்திரி போடும் அவருக்கு அது இரண்டு மூன்று நாள் வருமானம். வகுப்பில் எல்லோருடைய கோட்டுகளும் ஒரே வரிசை ஆணிகளில் தொங்கும். "பெயர் எழுதிக்கொள்ளுங்கள்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எல்லோரையும் போல நானும் மைப்பேனாவால் எழுதினேன். நான்கு சலவையில் என் பெயர் நீல நிழலாயிற்று. பிறகு நிழலும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் ஆணியில் கோட்டு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்தது ஊரார் துணிக்கெல்லாம் குறி போட்ட குடும்பம். என் அப்பாயி எழுதப் படிக்க அறியாதவர், கைநாட்டுத்தான். ஆனால் நாற்பது வீட்டுக் குறிகள் அவருக்கு மனப்பாடம். ஒரு வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு புள்ளி. அடுத்த வீட்டுக்குக் கூட்டல் குறி. அதற்கடுத்த வீட்டுக்கு மூன்று புள்ளி. வெள்ளாவியிலிருந்து எடுத்த துணி மூட்டையைப் பிரித்துப் போட்டு, வேட்டி ஓரத்தைப் புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் வீட்டுத் துணி என்பார். ஒரு துண்டுகூட வீடு மாறிப் போனதில்லை.

அந்தக் குறிக்கு மை, சேங்கொட்டை. கொட்டையை ஊசியால் குத்தினால் பழுப்பான சாறு வரும். அதைத் தொட்டுத் துணியில் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கருத்துவிடும். சாற்றிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கருக்கின்றன. காரமான சுண்ணாம்பு அவ்வினையை விரைவாக்குகிறது. அப்புறம் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. இம்மரத்தின் அறிவியற் பெயர் செமிகார்பஸ் அனகார்டியம். செமிகார்பஸ் என்றால் கிரேக்க மொழியில் 'குறிக்கனி' என்று பொருள். அப்பாயியின் தொழிலைத் தாவரவியல் தன் ஏட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

அப்படியானால் கோட்டுக்கு அந்தக் குறியை ஏன் முதலிலேயே போடவில்லை? இதற்கு விடை சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனினும் சொல்லத்தான் வேண்டும். அதைப் பார்த்தால் என் குடும்பத் தொழில் இன்னதென்று நண்பர்கள் அறிந்துகொள்வார்களே என்ற அச்சம்தான். "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டவர்களிடம் "கடை வைத்திருக்கிறார்" என்று சொல்லி வந்தவன் நான்.

கடன் வாங்கி இரண்டாவது கோட்டு தைத்தாயிற்று. அன்றிரவு அப்பாயியிடம், "நம்ம வீட்டுக் குறி என்ன அப்பாயி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நமக்கு ஏதுடா குறி? குறி இல்லாம மிஞ்சுறதுதான் நம்ம துணி."

அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் அடையாளம் இட்ட கைக்கு ஓர் அடையாளம் இல்லை! நானே ஒன்றை உண்டாக்குவது என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களை நிரப்பினேன். கோகோ கோலா என்ற சொல்லின் வளைந்த எழுத்துருவை 1886-இல் எழுதியவர் ஓவியரல்லர், ஃபிராங்க் ராபின்சன் என்ற கணக்கர் என்று படித்திருந்தேன். கணக்கரால் ஆகுமென்றால் மாணவனால் ஆகாதா? என் பெயரைக் கொடி போலச் சுழித்து, இலையும் பூவும் வைத்து எழுதி அப்பாயியிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொட்டப் பாலு துணியில ஊறும்டா. சுழிச்சா அப்பிக்கும். கோடும் புள்ளியுந்தான் நிக்கும்."

வடிவமைப்பைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் அது. பொருளுக்கும் மைக்கும் ஏற்றதே வடிவம். கீழடிப் பானை ஓடுகளைப் பாருங்கள். ஆதன், குவிரன் என்று தம் பெயரைக் கீறி வைத்தவர்களின் எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளே. எழுத்தே அல்லாத வெறுங்குறிகள் கீறிய ஓடுகளும் அங்கு ஏராளம். நான் நாள்தோறும் பேருந்தில் கடந்து வரும் சித்தன்னவாசலிலும், சமணர் படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கோடு கோடாகத்தான் வெட்டப்பட்டுள்ளன. 'இது என்னுடையது' என்று சொல்லும் ஆசைக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

அப்பாவின் பெயரும் என் பெயரும் 'ப'கரத்தில் தொடங்குபவை. 'ப' என்பது மூன்றே கோடு. தலைப்பெழுத்து, ஒரு புள்ளி, என் எழுத்து, ப.ப. வேறொன்றும் வேண்டியதில்லை. எழுதிக் காட்டினேன். எழுத்தறியாத அப்பாயி அதை உடனே படித்துவிட்டார்.

"ரெண்டு தொட்டி, நடுவுல ஒரு புள்ளி. நல்லாருக்கு."

நாட்டு மருந்துக் கடையில் சேங்கொட்டை வாங்கினோம். சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று என்னைத் தொடவிடவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மங்கிய கண்ணோடு, கோட்டுக் கழுத்துப் பட்டையின் உட்புறம் அவரே குறியிட்டார். பிறகு துணிப்பையிலும் இட்டார். பாத்திரக் கடைக்காரர் சோற்றுத் தூக்கில் உளியால் அதையே புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார். மிதிவண்டியின் மட்கார்டில் நான் வண்ணம் தீட்டினேன். கடைசியாக அப்பாவின் இஸ்திரி வண்டி. "அதுல எதுக்குப்பா?" என்றார். "முதல் எழுத்து உங்களுடையதுதானே அப்பா" என்றேன். அவர் பேசவில்லை. பெட்டியிலிருந்த கரியை ஊதிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நான் எழுதிய இடத்தில் தூசு படியாமல் துடைத்து வைத்திருந்தார்.

சென்ற திங்களன்று ஆய்வகத்தில் நண்பன் ஒருவன் என் கோட்டைத் தவறி எடுத்துவிட்டுக் கழுத்துப் பட்டையைப் பார்த்தான். "இதென்னடா, சலவைக் குறி மாதிரி இருக்கிறதே?" என்றான்.

"சலவைக் குறிதான். என் அப்பாயி போட்டது. எங்கள் வீட்டுக் குறி" என்றேன்.

"என் கோட்டுக்கும் ஒன்று போட்டுத் தருவார்களா?" என்று கேட்டான் அவன்.