திருக்கோணமலைத் துறையில் ஒரு கிண்ணம் சொதி

திருக்கோணமலைக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது கோணேசர் கோயிலையே. நாமும் அவ்வாறே விடியற்காலையிற் குடும்பத்துடன் பிரெடரிக் கோட்டை வாயிலினூடே நுழைந்து, மரநிழலிற் படுத்திருந்த புள்ளிமான்களைக் குழந்தைகளுக்குக் காட்டியவாறு சுவாமிமலையின் மீது ஏறினோம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. 1622 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். இப்பொழுதுள்ள கோயில் 1963 ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. வழிபாடு முடித்து, இராவணன் வெட்டின் அருகில் நின்று கீழே அலை மோதுவதைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

நகரின் ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் உட்துறைமுகம். உட்துறைமுகக் கரையில் நிற்பவருக்கு, முன்னே கிடப்பது கடலா ஏரியா என்ற ஐயம் தோன்றும். சுற்றிலும் பசுங்குன்றுகள், நடுவே அலையடங்கிய நீலநீர். இயற்கைத் துறைமுகங்களுள் ஆழத்துக்குப் பெயர் பெற்றது இது. இதன் பொருட்டே ஐரோப்பியர் ஒருவர்பின் ஒருவராக இங்கு வந்தனர். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு வீசின. 1957 ஆம் ஆண்டு வரை பிரித்தானியரின் கடற்படைத் தளம் இங்கே இருந்தது.

பாய்க்கப்பற் காலத்தில், அறியாத துறையினுட் புகும் கப்பலின் ஓரத்தில் ஒருவன் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்ப்பான். குண்டின் அடியிலுள்ள குழியிற் கொழுப்புத் தடவியிருக்கும். அதில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்பதையும் பார்த்து உரத்த குரலிற் சொல்வான். நம் மீனவர் ஆழத்தைப் பாகக் கணக்கிற் கூறுவர். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். 'ஐந்து பாகம், சேற்றுத்தரை' என்று அவன் சொன்னால் மாலுமிக்குப் பயனுண்டு. 'ஆழம் நன்றாகவே இருக்கிறது' என்று மரியாதைக்குச் சொன்னாலோ கப்பல் தரைதட்டும். கரையில் நின்று இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கிய நாமே, அரைமணி நேரத்துள் அந்த மரியாதைப் பிழையைச் செய்தோம்.

பசி மிகவே, துறைமுகப் பக்கத்துத் தெருவொன்றிலிருந்த சிறிய சைவக்கடையினுட் சென்றோம். நேரம் பத்து மணியைக் கடந்திருந்தது. தட்டின்மேல் வாழையிலை இட்டு இடியப்பம் வைத்தார்கள். பரிமாறும் தம்பி ஒரு கையிற் சம்பல் வாளியும் மறுகையிற் சொதி வாளியுமாக வந்தான். இடியப்பம் மென்மையாக இருந்தது. சம்பலும் சுவையாகவே இருந்தது. சொதியோ தேசிக்காய்ப் புளிப்பன்றி வேறொரு புளிப்புக் கண்டிருந்தது. மனைவியார் எம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். பிள்ளைகளுக்குச் சொதியைத் தவிர்த்துச் சம்பலுடன் உண்ணக் கொடுத்தோம். கைகழுவிப் பணம் கொடுக்கும்போது மேசைக்குப் பின்னாலிருந்த முதியவர், "சாப்பாடு எப்பிடி ஐயா?" என்று முகமலர்ச்சியுடன் கேட்டார். "நல்லது" என்றோம்.

உணவைக் குறை சொல்லலாகாது என்று சிறுவயதிற் கற்றோம். விருந்தினராக ஒருவர் இல்லத்தில் உண்ணும்போது அது உயர்ந்த பண்பே. ஆனால் கடை வேறு. அங்கே நமக்குப் பின்னும் பலர் உண்ண வருவர்.

வாயிற்படியைத் தாண்டியதும் அந்தப் பின்வருவோர் எதிரே வந்துவிட்டனர். பேருந்தொன்று நின்றது. வெள்ளுடை அணிந்த பள்ளிச் சிறுவர் முப்பது பேரளவில் ஆசிரியை ஒருவருடன் இறங்கி, நாம் வெளிவந்த அதே கடைக்குள் ஆரவாரத்துடன் நுழைந்தனர். நாம் தெருவில் நின்றோம். 'நல்லது' என்று சொன்ன வாய். இனி எப்படித் திரும்பிச் சென்று மாற்றிச் சொல்வது? வெட்கம் ஒருபுறம் இழுத்தது. எம் மூத்த மகள், "அவர்களுக்கும் அந்தச் சொதியைத்தானே அப்பா கொடுப்பார்கள்?" என்றாள். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திரும்பிச் சென்றோம்.

"என்ன ஐயா, ஏதும் மறந்திட்டியளோ?" என்றார் முதியவர். அவர் செவியருகே குனிந்து, "சொல்ல மறந்துவிட்டோம், முதலாளி. இடியப்பமும் சம்பலும் நன்று. சொதி பழுதாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை பாருங்கள்" என்றோம். அவர் முகம் ஒரு கணம் கறுத்தது. எழுந்து சென்று, வாளியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தாமே சுவைத்தார். வேறொன்றும் பேசாமல் வாளி முழுவதையும் பின்புறம் கொண்டுபோய் ஊற்றச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சம்பலும் பருப்புக்கறியும் போயின.

பின்னர் அவர் பரிமாறும் தம்பியை அழைத்து விசாரித்தார். எம்மிடம் வந்து, "காலமை துவக்கம் நாலைஞ்சு பேர் சொதியை இலையிலை விட்டிட்டுப் போனவையாம். ஒருதரும் வாய் திறக்கேல்லை. இவன் பார்த்தவன், எனக்குச் சொல்லப் பயந்திட்டான்" என்றார். விடியுமுன் ஒரே தடவையில் நாள் முழுவதற்கும் சொதி வைப்பது அக்கடை வழக்கம். தேங்காய்ப்பால் கோணமலை வெப்பத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும்? 'இனி ரண்டு தரமாய் வைக்க வேணும்' என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். எமது பணத்தைத் திருப்பித் தரவும் முயன்றார். நாம் வாங்கவில்லை. விலை குறைப்பதற்காகச் சொன்ன குறை என்று ஆகிவிட்டால், சொல்லின் மதிப்புப் போய்விடும்.

அந்தக் கடையிற் செய்தி இல்லாமல் இல்லை. அது இலைகளிற் கிடந்தது. தம்பியின் கண்ணிலும் இருந்தது. முதலாளியின் காதுக்குச் செல்ல வழிதான் இருக்கவில்லை. ஆதலின் கடை நடத்துவோர் 'எப்படி?' என்று பொதுவாகக் கேட்டலிற் பயனில்லை. அதற்கு நம்மவர் விடை என்றும் 'நல்லது' என்பதே. 'சொதிக்கு உப்புச் சரியா? இடியப்பம் ஆறியிருந்ததா?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். எச்சில் இலையில் என்ன மிஞ்சுகிறது என்று நாடோறும் பார்க்கலாம். பரிமாறுபவன் குறையைக் கொண்டுவந்தால் அவனைக் கடியாதிருத்தல் வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் வழங்கும் இவ்வூரில், மேசைமேல் ஒரு கொப்பியை வைத்து, எம்மொழியிலும் எழுதலாம் என்று காட்டிவிடலாம்.

உண்போர்க்கும் கடமையுண்டு. குறையைக் கடையை விட்டு நீங்குமுன், திருத்த வல்லவரிடம், தணிந்த குரலிற் சொல்லவேண்டும். 'சாப்பாடு சரியில்லை' என்னாது எது, எவ்வாறு என்று சொல்லவேண்டும். நன்றாக இருந்ததையும் உடன் சொல்லவேண்டும்; எதை மாற்றக்கூடாது என்பதும் சமையற்காரருக்குத் தெரியவேண்டியதே. ஊர் திரும்பியபின் கைபேசியில் இரண்டு நட்சத்திரம் இட்டு, காரணம் எழுதாது விடுவோர் உளர். அந்த நட்சத்திரத்தைக் கொண்டு எந்தச் சொதியைத் திருத்துவது?

சட்டமும் துணை நிற்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டில் வந்தது; உணவுக்கடைகளின் துப்புரவைப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கின்றனர். கோணேசர் கோயிலை இடித்தவர்களின் நாடான போர்த்துக்கலிலே, கடைகளும் உணவகங்களும் முறைப்பாட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருத்தல் வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதில் எழுதும் முறைப்பாட்டின் ஒரு பிரதி எழுதியவர் கைக்கும், மற்றொன்று அரச அதிகாரிகளுக்கும் செல்லும். மோசடிக்கும் அலட்சியத்துக்கும் இத்தகைய வழிகள் வேண்டும். ஆயினும் வாளியிற் பழுதான சொதியை, முப்பது பிள்ளைகளின் இலைக்கு வருமுன் தடுக்க வல்லது, அப்பொழுதே சொல்லும் ஒரு சொல்தான்.

மாலையில் மீண்டும் துறைமுகக் கரைக்குச் சென்றோம். இளைய மகன் சிறு கல்லை நூலிற் கட்டி, படித்துறை ஓரத்தில் இறக்கிப் பார்த்தான். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டோம். நூலைக் கையால் அளந்து, "ஒரு பாகமும் ஒரு முழமும்" என்றான். நன்று என்று அவனைத் தட்டிக்கொடுத்தோம்.