விரையும் வண்டியும் நிற்கும் ஊர்களும்

திண்டு போன்ற ஒற்றைப் பெரும்பாறையால் பெயர் பெற்றது திண்டுக்கல் நகரம். அப்பாறையின் உச்சியில் நாயக்கர் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. அங்கு ஏறி நின்று நோக்குவோர்க்கு ஒருபுறம் சிறுமலையும், மறுபுறம் நீலத்திரை விரித்தாற்போல் கொடைக்கானல் மலைத்தொடரும், இடையே பரந்த சமவெளியும் கண்ணுக்கு விருந்தாகும். அச்சமவெளியின் ஊடே திருச்சி, மதுரை, பழனி, கரூர் என்னும் நான்கு திசை இருப்புப்பாதைகள் வந்து இந்நகரில் கூடுகின்றன.

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875-இல் தென்னிந்திய இரயில்வே வண்டி விட்டது. 1928-இல் பழனி வழியாகப் பொள்ளாச்சிப் பாதை பிறந்தது. 1988-இல் கரூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பழனிப் பாதையோ அகலப்படுத்துவதற்காக மூடப்பட்டு, 2012-இல்தான் பழனி வரையில் மீண்டும் திறக்கப்பட்டது. பாதை போடுவது எத்துணைப் பொறுமையைக் கேட்கும் பணி என்பதை நம் மக்கள் அனுபவத்தால் அறிவர்.

விரைவு பற்றிய ஆவலும் நமக்குப் புதியதன்று. 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரைக்கும் சென்னைக்கும் இடையே ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், அந்நாளைய குறுகிய மீட்டர் பாதையிலேயே ஏறத்தாழ 7 மணி நேரத்தில் தலைநகரை எட்டிப்பிடித்தது. 2019 மார்ச் 1 அன்று தொடங்கப்பெற்ற தேஜஸ் எக்ஸ்பிரஸுக்கு 6½ மணி நேரம் குறிக்கப்பட்டது. 42 ஆண்டுகளில் மிச்சமானது ஏறக்குறைய அரைமணி நேரமே! 2023 செப்டம்பர் 24 அன்று வந்த திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை 7 மணி 50 நிமிடத்தில் கடக்குமாறு தொடங்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 31 அன்று மதுரை – பெங்களூரு வந்தே பாரதமும் வந்தது. இவ்விரண்டும் திண்டுக்கல்லில் நிற்கின்றன. ஆனால் தேஜஸ் தொடங்கியபோது திருச்சியும் கொடைக்கானல் ரோடுமே அதற்கு இடைநிலையங்களாக இருந்தன. நான்கு பாதைகள் கூடும் சந்திப்பாகிய திண்டுக்கல் அவ்வரிசையில் இல்லை. பின்னரே இந்நகருக்கு அவ்வண்டியின் நிறுத்தம் கிட்டிற்று.

இனி, புல்லட் இரயில் என்று மக்கள் வழங்கும் அதிவேக வண்டியைக் காண்போம். 1964 அக்டோபர் 1 அன்று சப்பானில் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் முதல் வண்டி ஓடியது. அன்று அங்கும் எதிர்ப்பு இருந்தது. செலவு மதிப்பீட்டை மிஞ்சியதால், திட்டத்தை முன்னின்று நடத்திய இரயில்வே தலைவர் சோகோ சின்ஜியும் தலைமைப் பொறியாளர் சிமா ஹிதேயோவும் 1963-இலேயே பதவி விலக நேர்ந்தது. தாம் கட்டிய பாதையின் திறப்பு நாளில் அவர்கள் பொறுப்பில் இல்லை. பாதையோ உலகிற்கே எடுத்துக்காட்டாயிற்று.

நம் நாட்டில் மும்பை – அகமதாபாத் இடையே 508 கிலோமீட்டர் பாதைக்கு 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றைய மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய், அதில் 81 விழுக்காடு சப்பானியக் கடன், வட்டி 0.1 விழுக்காடு, தவணை 50 ஆண்டு. இருக்கும் தண்டவாளத்திலேயே இதனை ஓட்டலாகாதோ எனச் சிலர் வினவுவர். இயலாது. வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே வளைவு மிகக் குறைந்ததும், குறுக்கே கடவுப்பாதை எதுவுமற்றதுமான தனிவழி வேண்டும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதுவோ 1435. அப்பாதையின் பெரும்பகுதி தூண்களின்மேல் செல்கின்றது.

தூண் ஊன்றவும் நிலம் வேண்டுமன்றோ? சூரத் பக்கத்து உழவர்கள் இழப்பீடு குறித்துக் குஜராத் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2019-இல் வழக்குகள் தள்ளப்பட்டன. பால்கர் மாவட்டத்துப் பழங்குடி மக்களும் எதிர்த்தனர். டெல்லி மெட்ரோவை உருவாக்கிய பொறியாளர் சிறீதரனே, இவ்வண்டி வசதி படைத்தோர்க்கே பயன்படும், நாட்டிற்குத் தேவை தூய்மையும் பாதுகாப்பும் விரைவும் கொண்ட பொதுவான இரயில் அமைப்பே என்று 2018-இல் கருத்துரைத்தார். ஆதரிப்போரோ, புதிய தொழில்நுட்பமும் வேலைவாய்ப்பும் வருமென்றும், பழைய பாதையின் நெரிசல் குறையுமென்றும் கூறுவர். இரு தரப்பிலும் உண்மை உண்டு.

தமிழகத்தில் சென்னை – பெங்களூரு – மைசூரு வழித்தடம் இத்தகைய பாதைக்கென ஆராயப்பட்டுள்ளது. நம் சமவெளியில் கேட்கும் குரல் வேறு. வத்தலக்குண்டு, பெரியகுளம், கம்பம் வழியாகக் குமுளிப் பக்கம் ஒரு பாதை வேண்டுமென்பது நெடுநாள் கோரிக்கை. மதுரை – போடிப் பாதை 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டு, தேனி வரை 2022-இலும், போடி வரை 2023-இலும் திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர் பேருந்திலேயே படித்து முடித்துவிட்டனர்!

பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன பாசஞ்சர் வண்டிகள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் திரும்பியபோது குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி குறைந்தது. வந்தே பாரத்தில் முன்பதிவற்ற பெட்டியே இல்லை. பூக்கூடை சுமக்கும் தாயையும், நாட்கூலிக்கு நகரம் வரும் தொழிலாளியையும் எண்ணிப் பாருங்கள்: வண்டியின் வேகத்தைக் காட்டிலும், அது அம்பாத்துரையிலும் வடமதுரையிலும் எரியோட்டிலும் நிற்குமா என்பதே அவர்களுக்குப் பெரிது. கடவுப்பாதை அடைபட்டுச் சுரங்கப்பாதை அமையுமிடத்தில், மழைநீர் தேங்கினால் வயலுக்கும் பள்ளிக்கும் எவ்வழி செல்வதென்பதும் அவர்களுடைய கவலையே.

அவசர சிகிச்சைக்குச் சென்னை செல்லும் நோயாளிக்கும், நேர்காணலுக்குப் பெங்களூரு செல்லும் நம் பிள்ளைக்கும் விரைவு வண்டி வரமே. அதனை வெறுப்பது பேதைமை. ஆயினும் விரைவு வண்டிக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் வண்டி மணிக்கணக்கில் ஒதுங்கி நிற்குமானால், ஒருவர் மிச்சப்படுத்தும் நேரத்தை மற்றொருவர் கட்டுகிறார் என்றே பொருள். புதிய திட்டம் எதுவாயினும், நிலம் கொடுப்பவருக்கு உரிய விலை உரிய காலத்தில் கிடைக்கிறதா, சிற்றூர் நிலையங்கள் தம் நிறுத்தத்தை இழக்கின்றனவா, ஏழையின் கட்டணம் எவ்வளவு என்னும் மூன்றையும் கிராம சபையிலும் மக்கள் பிரதிநிதிகளிடமும் தவறாது கேளுங்கள். பணி தொடங்கும் முன் கேட்பதே பயன் தரும்.